கீரைக்கு ஒரு துண்டு நிலம்: நகர்ப்புற வேளாண்மைக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்கோடியில் ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. அதில் காய்கறித் தோட்டத்துக்காக அலைந்துகொண்டிருக்கும் ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். எங்கள் கோரிக்கை இதுதான்: மாநகராட்சியிடம் சும்மா கிடக்கும் பொது இடங்களில் அக்கம்பக்கத்து மக்கள் காய்கறி பயிரிட, எழுத்துபூர்வமான அனுமதியும் தண்ணீரும் தரும் ஒரு கொள்கை வேண்டும். பகுதி சபைக் கூட்டத்திலும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை), டீக்கடையிலும், மனுவோடு போய் நின்ற அலுவலகங்களிலும் எங்களை மடக்கிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில நியாயமான கேள்விகள். சில, எங்களைக் கிளப்பி அனுப்புவதற்காகக் கேட்கப்பட்டவை. இரண்டு வகைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

மாடித்தோட்டம் போடுவது அவரவர் விருப்பம். அதற்கு எதற்குக் கொள்கை?

மாடி இருப்பவருக்குக் கொள்கை தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பையும் விதையும் வாங்கி அவர் நாளைக்கே தொடங்கிவிடலாம். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கும், வீட்டுக்காரர் மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் வாடகைதாரருக்கும், கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டவர்களுக்கும் கையகல மண்கூட இல்லை. காய்கறி விலை ஏறினால் முதலில் தட்டிலிருந்து காய் மறைவது இவர்கள் வீட்டில்தான். இவர்களுக்கு நிலம் வேண்டுமென்றால் அது பொது நிலமாகத்தான் இருக்க முடியும். பொது நிலத்தைத் தொட வேண்டுமென்றால் விதி வேண்டும். நாங்கள் கேட்கும் கொள்கை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அரசுதான் மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (கிட்) தருகிறதே?

தருகிறது, நல்ல திட்டம். 2013-14-லேயே சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை இதைத் தொடங்கியது. 2021-22-இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள தளையை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு செடி வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா என்ற நுண்ணுயிர்க் கலவைகள், வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு எல்லாம் அதில் உண்டு.

நான் அதை வாங்கியவன். கத்தரி காய்த்தது, கொத்தவரை காய்த்தது, தக்காளி சுருண்டு போனது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தளை என்பது ஒரு பொருள். ஒரு தடவை கொடுத்தால் முடிந்துவிடும். கொள்கை என்றால் இடம், தண்ணீர், காலக்கெடு, விற்கும் உரிமை ஆகிய நான்குக்கும் யார் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். தவிர, மாடியே இல்லாதவருக்கு மாடித்தோட்டத் தளையை எழுபத்தைந்து விழுக்காடு மானியத்தில் கொடுத்தாலும் இலவசமாகவே கொடுத்தாலும் என்ன பயன்?

தெருவுக்கு நாலு காய்கறிக் கடை இருக்கும் ஊரில் "காய் கிடைக்கவில்லை" என்பது மிகையில்லையா?

கடையில் கிடைக்கிறது, எல்லார் வீட்டுத் தட்டுக்கும் வருவதில்லை. ரேஷனில் அரிசி 2011 முதல் இலவசம். அதனால் தமிழ்நாட்டில் வயிறு நிறைவது பெரும்பாலும் உறுதியாகிவிட்டது. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுபவனல்ல நான். ஆனால் அரிசிக்கு இருக்கும் அந்த உறுதி கீரைக்கும் காய்க்கும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 48 கிலோ. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அதற்குக் காரணங்கள் பல. தட்டில் கீரை இல்லாததும் அவற்றில் ஒன்று.

இன்னொரு விஷயம், சென்னையின் காய்கறி பெரும்பாலும் ஒரே வாசல் வழியாக வருகிறது. 1996-இல் திறந்த கோயம்பேடு சந்தையை 2020 மே மாதம் கொரோனாவால் மூடி, திருமழிசைக்கு மாற்றியபோது ஊரே தடுமாறியது நினைவிருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அரிசி விற்கும் கடையில் தக்காளியும் விற்கலாம் என்று அரசே காட்டிவிட்டதால் எனக்கு அந்த நடவடிக்கை மிகவும் பிடித்தது. எங்கள் மனுவில் அதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறோம்.

ஆறு பையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட முடியுமா?

முடியாது. முடியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். வெங்காயம், உருளை, கேரட் எல்லாம் ஊருக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும், வரட்டும்.

நகரத்துக்குள் பயிரிட ஏற்றது கீரைதான். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணியும் பசலையும் ஒருமுறை நட்டால் மாதக்கணக்கில் நிற்கும். காலையில் பறித்த கீரை மாலையில் வாடிவிடும் என்பதால் தூரத்திலிருந்து வருவதில் ஒரு பங்கு வீணாகிறது. அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். எங்கே தூரம் பெரிய செலவோ அங்கே பக்கத்தில் விளைவிப்பதற்குப் பொருள் உண்டு. கீரை, வெண்டை, கத்தரி, அவரை, முருங்கை இவற்றோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்.

சென்னையில் நிலம் ஏது? ஒரு கிரவுண்டு விலை தெரியுமா?

தெரியும். தனியார் மனையை யாரும் கேட்கவில்லை.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 2011-இல் மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சேர்ந்த புறநகர்களில் இப்படிப்பட்ட துண்டுகள் நிறைய உண்டு. சிலவற்றில் பூங்கா வந்திருக்கிறது. சிலவற்றில் பெயர்ப்பலகை மட்டும் வந்திருக்கிறது.

எங்கள் பகுதியில் அப்படி ஒரு பன்னிரண்டு சென்ட் இருக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி. உள்ளே சீமைக்கருவேலம், உடைந்த கழிவறைக் கோப்பை ஒன்று, கான்கிரீட் கலவை இறுகிப்போன ஒரு இரும்புச் சட்டி. அதைச் சுத்தம் செய்து காய்கறி போடுகிறோம் என்று மனு கொடுத்தோம். பூங்காப் பிரிவில், காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறை என்றார்கள். தோட்டக்கலைத் துறையில், நிலம் மாநகராட்சியுடையது என்றார்கள். மூன்றாவதாக ஒரு மேசையில், "செம்பருத்தி வைக்கிறோம் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், உடனே அனுமதி தருகிறேன், வெண்டைக்காய்க்கு விதி இல்லை" என்றார் ஓர் அதிகாரி. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வெண்டைக்காய்க்கு விதி இல்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்தோம். அங்கே வேலை செய்யும் தோட்டப் பணியாளர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, வாருங்கள் சார் என்று பின்பக்கம் அழைத்துப்போனார். செம்பருத்திப் புதருக்குப் பின்னால் எட்டு வெண்டைச் செடி, ஒரு முருங்கைப் போத்து. "முன்னால் வைத்தால் பிடுங்கச் சொல்லிவிடுவார்கள் சார்" என்றார். பிஞ்சு வெண்டை இரண்டைக் கிள்ளி எங்கள் கையில் கொடுத்தார். கீழே போட மனமில்லாமல் பச்சையாகவே தின்றோம்.

2019-க்குப் பிறகு மாநகராட்சியே பல துண்டு நிலங்களில் மியாவாக்கி முறையில் அடர்காடு வளர்த்தது. சும்மா கிடக்கும் பொது இடத்தில் புதிய பயன்பாட்டைக் கொண்டுவர மாநகராட்சிக்கு முடியும் என்பதற்கு அதுவே சான்று.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் செடிக்கு ஊற்றுவதா?

கேட்க வேண்டிய கேள்விதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். சென்னை வெயிலில் காய்கறிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் போதும். 10 சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். ஆக, நாளைக்கு 2,000 லிட்டர். சொட்டுநீரும், மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். குடிநீரைத் தொட வேண்டியதே இல்லை. பழைய கட்டடம் உட்பட எல்லாவற்றுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. பக்கத்துக் கட்டடத்தின் மாடித் தண்ணீரைத் தோட்டத்துத் தொட்டிக்குத் திருப்ப ஒரு குழாய் போதும். கோடைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலைகள் ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ளவை. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வாரத்துக்கு ஒரு லாரி எங்களுக்கும் விலைக்குக் கொடுங்கள் என்கிறோம்.

மாடி தாங்குமா? ஒழுகுமே?

பொது நிலத்தில் இந்தக் கவலை இல்லை. மாடியில் போடுபவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்கள் நடமாடும் கான்கிரீட் மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது இந்தியத் தர நிர்ணயம். நனைந்த தென்னைநார்க் கழிவு நிரம்பிய ஒரு பை ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். ஒட்ட ஒட்ட அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 16 பை, 240 கிலோ, ஆபத்து. இடைவெளி விட்டு நாலு வைத்தால் 60 கிலோதான். செம்மண் மட்டும் நிரப்பினால் எடை இரண்டு மடங்குக்கு மேல் போகும், கூடாது. செங்கல் வைத்துப் பையைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டால் ஒழுகல் பயமும் குறையும்.

கொசு?

கீழே தட்டு வைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் சண்டைக்குப் போகாமல் டீ வாங்கிக் கொடுங்கள்.

சாக்கடைத் தண்ணீரில் விளைந்த கீரை என்று ஊரே பயப்படுகிறதே?

பயம் நியாயமானது. கட்டடக் குப்பை கொட்டிய இடத்திலும், பழைய பட்டறை இருந்த இடத்திலும் மண்ணில் ஈயம் போன்றவை இருக்கக்கூடும். தக்காளி, கத்தரி போன்ற காய்களைவிடக் கீரைகள்தான் இவற்றை அதிகம் உறிஞ்சும். அதனால் முதல் விதையைப் போடும் முன்பே மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், அதை உள்ளாட்சியே செய்து முடிவை வேலியில் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கையில் இருக்கிறது. மண் சரியில்லையென்றால் செங்கல் கட்டி வெளி மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி மேட்டுப்பாத்தி போடலாம். எருவுக்குப் பஞ்சமில்லை, இந்த ஊர் நாள்தோறும் கொட்டும் மக்கும் குப்பை எங்காவது போயாக வேண்டும்.

வேறு ஊர்களில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அர்ஜென்டினாவின் ரொசாரியோ. 2001 பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்களுக்காக மாநகர நிர்வாகம் 2002-இல் நகர்ப்புற வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. பயன்படாத இடங்களில், ரயில் பாதை ஓரங்களில்கூட, ஏழைக் குடும்பங்களுக்குப் பாத்திகள் பிரித்துக் கொடுத்தார்கள். விளைந்ததை விற்க வாரச் சந்தைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆட்சி மாறியும் திட்டம் சாகவில்லை. 2021-இல் உலக வள நிறுவனத்தின் நகரங்களுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. நிலத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாமல் சந்தையையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அங்கே வேலை செய்தது என்பது என் கணிப்பு.

கியூபாவின் ஹவானாவைப் பற்றி எல்லாரும் புல்லரித்துப் பேசுவார்கள். சோவியத் யூனியன் உடைந்து எண்ணெயும் உரமும் நின்றுபோனபோது, காலி மனைகளில் மேட்டுப்பாத்தி போட்டு அந்நகரம் காய்கறி விளைவித்தது உண்மை. கூட்டுறவாக 1997-இல் தொடங்கிய அலமார் பண்ணை பெயர்பெற்றது. ஆனால் கியூபா இன்றும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. கலிபோர்னியா 2013-இல் வேறு வழி எடுத்தது: நகரத்துக் காலி மனையைக் குறைந்தது ஐந்து ஆண்டு பயிருக்கு விட்டால் உரிமையாளருக்குச் சொத்துவரி குறையும். இது நமக்கும் ஒத்துவரும்.

எச்சரிக்கைகளும் உண்டு. 2030-க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்த சிங்கப்பூர், 2025-இல் அந்த இலக்கைக் கைவிட்டது. மின்விளக்கும் குளிர்சாதனமும் வைத்து அடுக்கடுக்காகக் கீரை வளர்ப்பது கட்டுப்படியாகவில்லை. நமக்கு வெயில் இலவசம், அந்த வழி வேண்டாம். 2022 நெருக்கடியில் இலங்கை, அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டது. உரத்துக்கும் எரிபொருளுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரம் அது. விடுமுறை கொடுத்தால் விளைச்சல் வந்துவிடும் என்ற நம்பிக்கை, மண்வெட்டி பிடித்தறியாதவர்களுடைய நம்பிக்கை.

நீங்கள் காய்கறி போட்டு விற்றால் விவசாயியின் வயிற்றில் அடிப்பதாகாதா?

தெருவுக்கு ஒரு பத்து சென்டில் திண்டுக்கல் விவசாயியோ கோலார் தக்காளியோ அசையாது. நாங்கள் போட்டியிடப்போவது தூரத்திலிருந்து வாடி வரும் கீரையோடுதான். ஆனால் தெருவில் கீரைக்கட்டு விற்றுப் பிழைக்கும் அம்மாக்களின் பிழைப்பில் கைவைக்கக் கூடாது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. முடிவில், தோட்டத்தில் மிஞ்சும் கீரையை அவர்களிடமே மொத்தமாகக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமையைக் கொள்கையில் குறிப்பிடவும் சொல்லியிருக்கிறோம்.

சரி, கொள்கையில் என்னதான் இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு சொல். பொதுத் திறந்தவெளியின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளில் பூங்கா, விளையாட்டுத் திடலோடு "சமூகக் காய்கறித் தோட்டம்" என்று அச்சில் வர வேண்டும். அது வந்துவிட்டால் அந்த மூன்றாவது மேசை அதிகாரி கையெழுத்துப் போடுவார்.

அடுத்தது காலம். பதினொரு மாத அனுமதியில் யாரும் எரு போட மாட்டார்கள். மண் தேறவே இரண்டு ஆண்டு ஆகும். குறைந்தது ஐந்து ஆண்டு உரிமம், நடுவில் எடுத்துக்கொள்வதானால் ஒரு போகம் முடியும்வரை அவகாசம், நிலத்தின் உரிமை எப்போதும் மாநகராட்சியுடையது என்ற தெளிவான வாசகம் ஆகியவை வேண்டும். கடைசி வாசகத்தை நாங்களேதான் கேட்கிறோம். இல்லாவிட்டால் நாலு ஆண்டில் ஒரு கொட்டகை முளைக்கும், எட்டாம் ஆண்டில் பட்டா கேட்பார்கள், பிறகு எந்த அதிகாரியும் அடுத்த தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

பாத்திகளில் பாதியாவது சொந்த வீடோ மாடியோ இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் புதிய குடியிருப்பு வரைபடங்களிலேயே தோட்டத்துக்கு இடம் குறிக்க வேண்டும். மண்டலத்துக்கு ஓர் அலுவலர், ஒரே மேசை. இதற்கெல்லாம் மேல் பள்ளிக் கொள்முதல். பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளிடமிருந்து வாங்கச் செலவிட வேண்டும் என்று பிரேசில் 2009-இல் சட்டம் போட்டது. காலை உணவுத் திட்டமும் சத்துணவும் நடக்கும் நம் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் கீரையை அந்தந்த வார்டுத் தோட்டத்திலிருந்து வாங்கினால் தோட்டம் தன் காலில் நிற்கும்.

நான் ஒரு தனி ஆள். எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் வார்டில் உள்ள ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் வர வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் பரப்பளவு, சர்வே எண், இப்போதைய பயன்பாடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். எங்களுக்கு முதல் தடவை வந்த பதில், "பட்டியல் பெரியது" என்பதுதான். மேல்முறையீட்டுக்குப் பிறகு பட்டியல் வந்தது, பதினேழே வரி.

பிறகு பகுதி சபை. 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் முதலமைச்சரே ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். உங்கள் பகுதியில் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, கையெழுத்திட்ட மனுவோடு போங்கள். பேசிவிட்டு வந்துவிடாதீர்கள், நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்களா என்று பாருங்கள். எங்கள் கோரிக்கை முதல் தடவை "பசுமை குறித்துப் பேசப்பட்டது" என்று ஏறியிருந்தது.

உங்களோடு பெரிய கூட்டம் இருந்தால், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தையும் (2026-2046) விடாதீர்கள். நகர ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தின் மீது பொதுமக்களின் ஆட்சேபமும் ஆலோசனையும் பெறப்பட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. வரைபடத்தில் இடம் பெறாதது என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தெருப் பெயரே போதும்.

கவுன்சிலர், "இதனால் எனக்கு எத்தனை ஓட்டு?" என்று கேட்டால்?

எங்களிடம் கேட்டார். பாத்திக்கு ஒரு குடும்பம், வரிசையில் காத்திருப்பவை அதைப்போல் மூன்று மடங்கு என்றோம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மனுவில் தன் கையெழுத்தையும் போட்டார்.

அனுமதி வரும்வரை என்ன செய்ய?

கடையில் வாங்கும் பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டை எறியாதீர்கள். முற்றிய தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பழைய பெயின்ட் வாளியில் நடுங்கள். வாளியைச் சுரண்டிக் கழுவியிருக்க வேண்டும், அடியில் நாலு ஓட்டை வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். நாலு மணி நேரம் வெயில் விழும் நடைபாதைச் சுவர் போதும். ஒரு மாதத்தில் முதல் கிள்ளல் வரும். அடியிலிருந்து ஒரு கணு விட்டுக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அவ்வளவுதான்.